மருத்துவமனையில் முதியவர்கள் விழாமலிருக்க இரவில் ஓர் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வசித்து வருகிறேன். நோய் தீர வேண்டும் என்று மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படும் முதியவர்கள் அங்கேயே தவறி விழுந்து, கொண்டுபோன நோயைக் காட்டிலும் பெரிய துன்பத்தோடு வீடு திரும்புவதைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்குப் பணிக்காலத்திலேயே உண்டு. அப்போது எழுதாமல் விட்டதற்காக இன்று வருந்துகிறேன். சென்ற ஆண்டு என் தாயாருக்கே அது நேர்ந்தது. நேர்ந்தபோது நான் அவருடைய கட்டிலுக்கு அருகிலேயே பாய் விரித்துப் படுத்திருந்தேன்.

என் தாயாருக்கு வயது 78. நெஞ்சில் சளி கட்டி, காலிலும் நீர் கோர்த்துக்கொண்டதால், நம் பகுதியிலுள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மூன்றாம் நாள் விடியற்காலை 3.40 மணி இருக்கும். முந்தைய இரண்டு இரவுகளும் கண்விழித்த அயர்ச்சியில் நான் தூங்கிப்போயிருந்தேன். நள்ளிரவில் ஏற்றிய மருந்து எப்போதோ தீர்ந்துவிட்ட போதிலும், வெற்று பாட்டில் ஸ்டாண்டிலேயே தொங்கிக்கொண்டிருக்க, அதன் குழாயும் அவருடைய இடக்கையோடு இணைந்தபடியே இருந்தது. அவர் என்னை எழுப்பாமல், என் பாயை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு, ஒரு கையால் டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டும், மறு கையால் இரவில் தளர்ந்துபோன சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டும் கழிவறைக்குப் போயிருக்கிறார். இரண்டு கைகளும் இப்படி வேலையாக இருந்தால், சுவரில் கைப்பிடிக் கம்பி இருந்தும் அதைப் பிடிக்க அவருக்கு மூன்றாவது கை ஏது? வாளியிலிருந்து சிந்திய தண்ணீரில் வெறுங்கால் வழுக்கியது. உள்பக்கம் தாழிட்டிருந்த கதவு உள்பக்கமாகவே திறக்கும் கதவு. அதைத் தள்ளினால் உடைந்த காலின் மேல்தான் போய் அழுந்தும். இரவுக் காவலரும் வார்டு ஆயாவும் நானுமாகச் சேர்ந்து கதவை விரல் விரலாக நகர்த்தித் திறந்து அவரை வெளியே கொண்டுவருவதற்குள் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வலக்காலின் தொடை எலும்பு, இடுப்பு மூட்டுக்குச் சற்றுக் கீழே முறிந்திருந்தது.

ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தபோது என் தாயார் சொன்னது இதுதான்: "உன்னைய எழுப்ப மனசு வர்லெ கண்ணு. ரண்டு நாளாத் தூங்காமக் கெடந்தே. நானே போயிட்டு வந்தர்லாம்னு பாத்தேன்."

இந்த வார்த்தைகளை என் பணிக்காலத்தில் வெவ்வேறு வாய்களிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நம் பக்கத்து முதியவர்கள் பெரும்பாலும் தோட்டத்திலும் தறியிலும் உழைத்துத் தம் காலில் நின்றவர்கள். பால் சொசைட்டிக்கு நேரமாகிவிடும் என்று விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து, வாசல் தெளித்து, மாட்டைப் பிடித்துக் கட்டிப் பால் கறந்தே பழகியவர்களுக்கு, மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தாலும் உடம்பு அந்த நேரத்துக்குத்தான் விழித்துக்கொள்கிறது. விழித்தவுடன் சிறுநீர் முட்டுகிறது. பேத்தி வயதுள்ள நர்ஸைக் கூப்பிட்டு, தன்னை ஒன்றுக்கு அழைத்துப் போகச் சொல்வதைவிட விழுந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிற கூச்சம் அவர்களிடம் உண்டு. அந்தக் கூச்சத்தைக் குறை சொல்வதற்கு நமக்கு உரிமையில்லை. அதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டு நடக்கும் கடமைதான் மருத்துவமனைக்கு இருக்கிறது. "வேணும்னா கூப்பிடுங்க பாட்டி" என்று சொல்லிவிட்டுப் போவது அவர்கள் விஷயத்தில் பயன்படாது, அவர்கள் கூப்பிடமாட்டார்கள். ஆகவே, அவர்கள் எழுவதற்கு முன்பே ஒருவர் போய்க் கேட்க வேண்டும். இந்தக் கடிதத்தின் மூலம் நான் சொல்ல விரும்புவது முதன்மையாக இந்த ஒன்றைத்தான்.

மருத்துவமனையில் முதியவர்கள் விழுவது எங்கே, எப்போது என்பதில் புதிர் ஏதும் இல்லை. கட்டிலை ஒட்டியோ, கழிவறைக்குப் போகும் வழியிலோ, கழிவறைக்குள்ளேயோதான் பெரும்பாலும் விழுகிறார்கள். பெரும்பாலும் யாரும் பார்க்காத நேரத்தில்தான் விழுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, வீடு, தெரு, மருத்துவமனை என எல்லா இடங்களையும் சேர்த்து ஆண்டுதோறும் உலகில் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கின்றனர். அவர்களில் 80 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் நம்மைப் போன்ற நடுத்தர, குறைந்த வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். உயிரிழப்பவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே மிகுதி. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு, அப்போது நாட்டின் சராசரி 8.6 விழுக்காடுதான். பிள்ளைகள் திருப்பூரிலும் பெங்களூரிலும் அயல்நாடுகளிலும் வேலை பார்க்க, தோட்டத்துச் சாளையில் முதியவர்கள் மட்டும் தங்கியிருக்கும் வீடுகள் எங்கள் ஊரிலேயே பல இருக்கின்றன. 2022 ஜனவரியில் திருப்பூரிலும் நாமக்கல்லிலும் புதிய மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டதையும், 70 வயதுக்கு மேற்பட்டோர் அனைவருக்கும் 5 லட்சம் ரூபாய் வரையிலான மத்திய அரசின் காப்பீடு 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டதையும் சேர்த்துப் பார்த்தால், இனி நம் வார்டுகளில் முதியவர்களின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். அது வரவேற்கத்தக்கதே, ஆனால் அந்த வார்டுகள் அவர்களுக்கு ஏற்றபடி அமைந்திருக்கின்றனவா என்பதுதான் என் கவலை.

முதலில் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். படுத்திருப்பவர் திடீரென்று எழுந்து நிற்கும்போது இரத்தம் காலை நோக்கி இறங்குகிறது. இளம் உடம்பு அதை நொடியில் சரிசெய்துகொள்ளும். வயதான உடம்பு தாமதிக்கும். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் இரத்த அழுத்தம் 20 புள்ளிகளோ கீழ் அழுத்தம் 10 புள்ளிகளோ குறைந்தால், அவர் தலைசுற்றி விழக்கூடியவர் என்று கொள்ள வேண்டும். இதைக் கண்டறிவதற்கு ஸ்கேன் எதுவும் தேவையில்லை. படுத்திருக்கும்போது ஒருமுறையும் நிற்க வைத்து ஒருமுறையும் பி.பி. பார்த்தால் போதும். ஆனால் நம் வார்டுகளில் காலையும் மாலையும் சார்ட்டில் எழுதப்படும் பி.பி. ஏறத்தாழ எப்போதும் படுத்த நிலையில் பார்த்ததாகவே இருக்கிறது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

இதற்கு மேல் மருந்துகள் இருக்கின்றன. பிராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரை, சில வகை பி.பி. மாத்திரைகள், தூக்க மாத்திரை, அரிப்புக்கும் ஒவ்வாமைக்கும் போடும் ஏவில் ஊசி ஆகிய ஒவ்வொன்றும் முதியவரின் காலைத் தள்ளாட வைக்கக்கூடியது. இன்சுலின் போட்ட பிறகு சாப்பாடு வரத் தாமதமானால் சர்க்கரை தாழ்ந்து விழுவார்கள். உப்பைக் குறைத்துச் சாப்பிட்டுக்கொண்டு நீர் மாத்திரையும் எடுத்துக்கொள்ளும் முதியவருக்கு உடம்பில் சோடியம் குறைந்து, நடை தடுமாறி, பேச்சும் குழறலாம். இவற்றில் நான் குறிப்பாகச் சொல்ல வேண்டியது நீர் மாத்திரையைப் பற்றி. வாய்வழியாகக் கொடுத்தால் அது ஏறத்தாழ ஆறு மணி நேரம் வேலை செய்யும். இரண்டாவது வேளை மாத்திரையை மாலை நான்கு மணிக்குள் கொடுத்துவிட்டால் படுக்கப் போவதற்குள் சிறுநீர் பிரிந்துவிடும். என் தாயாருக்கோ மற்ற இரவு மாத்திரைகளோடு சேர்த்து ஒன்பது மணிக்குக் கொடுக்கப்பட்டது. மாத்திரை ட்ரே வார்டுக்கு வரும் நேரம் அதுதான் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. அந்த இரவில் அவர் அதற்கு முன்பே இரண்டு முறை எழுந்ததும், இரண்டு முறையும் நான் உடன் சென்றதும், மூன்றாவது முறை என்னை எழுப்ப அவருக்கு மனம் வராமல் போனதும் அந்த ஒன்பது மணி மாத்திரையிலிருந்து தொடங்கியவை என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்தது கட்டில். நம் முதியவர்கள் கயிற்றுக் கட்டிலில் படுத்துப் பழகியவர்கள். அதில் உட்கார்ந்தால் இரண்டு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதியும். மருத்துவமனைக் கட்டில்கள் மருத்துவரும் நர்ஸும் குனியாமல் வேலை பார்க்க வசதியான உயரத்தில் இருக்கின்றன. குள்ளமான ஒரு பாட்டி அதன் விளிம்பில் உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கும். கீழே ஒரு படி ஸ்டூல் வைக்கிறார்கள். இருட்டில் அதன் ஓரத்தில் கால் வைத்தால் அது கவிழ்ந்துவிடும். உயரத்தைக் குறைக்கும் வசதியுள்ள கட்டில்கள் இருக்கும் மருத்துவமனைகளிலும், பகலில் ஊசி போடுவதற்காக உயர்த்திய கட்டிலை இரவில் இறக்கிவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. விளக்கணைக்கும் முன் ஒவ்வொரு கட்டிலையும் இறக்கி, அதன் சக்கரப் பூட்டையும் பார்த்துவிட்டுப் போவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

காலணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்வது தூய்மைக்கு நல்லதுதான். ஆனால் நோயாளி வெறுங்காலோடு ஈரத் தரையில் நடக்க வேண்டியிருக்கிறது. குளிருக்கு இதமாக மகள் வாங்கிக் கொடுத்த சாக்ஸோடு நடந்தால் அது இன்னும் ஆபத்து. பின்பக்கம் பட்டையுள்ள, அடிப்பாகம் வழுக்காத ஒரு ஜோடி செருப்பை வார்டுக்குள் மட்டும் அணிவதற்கென்று தனியாக வைத்துக்கொள்ள நோயாளிகளை அனுமதிக்க வேண்டும். தரையைத் துடைக்கும் நேரமும் அப்படித்தான். 2015இல் தொடங்கப்பட்ட காயகல்ப் திட்டத்துக்குப் பிறகு அரசு மருத்துவமனைகளின் தூய்மை மேம்பட்டிருப்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் மருத்துவர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பல இடங்களில் விடியற்காலை ஐந்து மணிக்குள் ஃபினாயில் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுகிறார்கள். முதியவர்கள் கூட்டமாகக் கழிவறைக்குப் போகும் நேரமும் அதுவே. பாதித் தரையைத் துடைத்து, அது உலர்ந்த பின் மறுபாதியைத் துடைத்தாலே பல கால்கள் தப்பும். கழிவறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் நீக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இது ஏன் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இரவில் முதியவர்களுக்கு ஏற்படும் மனக்குழப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். காய்ச்சலோ, சிறுநீர்த் தொற்றோ, மருந்தோ, இடம் மாறியதோ காரணமாக, பகலில் தெளிவாகப் பேசிய முதியவர் இரவானதும் எங்கிருக்கிறோம் என்றே தெரியாமல் தடுமாறுவார். தொலைந்துவிடும் என்று பயந்து அவருடைய மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் நாம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுவதால், குழப்பம் இன்னும் கூடுகிறது. என் பணிக்காலத்தில் ஓர் இரவு. 42 கட்டில்கள் உள்ள ஆண்கள் வார்டில் நான் ஒருத்திதான் நர்ஸ்; வார்டு ஆயாவும் பக்கத்து வார்டுக்கும் சேர்த்து ஒருவர்தான். எண்பது வயதை நெருங்கிய ஒரு விவசாயி, "மாட்டுக்குத் தண்ணி காட்டோணும், உடுங்க" என்று திரும்பத் திரும்ப எழுந்துகொண்டே இருந்தார். கட்டிலின் இரு பக்கமும் கம்பித் தடுப்பை ஏற்றிவிட்டு, மருத்துவர் சொன்னபடி கையையும் காஸ் துணியால் தளர்வாகக் கட்டிவிட்டு, வேறொரு நோயாளிக்கு ஆக்ஸிஜன் மாற்றப் போனேன். அவர் கட்டை உருவிக்கொண்டு, கம்பித் தடுப்பின் மேல் ஏறிக் குதிக்க முயன்று, அந்த உயரத்திலிருந்து தலைகுப்புற விழுந்தார். தடுப்பு இல்லாமல் கட்டிலிலிருந்து சரிந்திருந்தால் அவ்வளவு அடி பட்டிருக்காது. ஓடிப்போய்த் தூக்கியபோது அவருடைய வேட்டி நனைந்திருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று அவர் சொன்னது, தனக்கு ஒன்றுக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லத் தெரியாமல்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கட்டி வைப்பதால் விழுவது குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. கட்டப்பட்டவர் இன்னும் மிரண்டு போகிறார் என்பதே உண்மை. தேவையில்லாமல் கதீட்டர் என்ற சிறுநீர்க் குழாயைப் போட்டுவிடுவதும் ஒருவகைக் கட்டுதான். குழாயும் பையும் காலில் சிக்குவதோடு தொற்றும் சேர்கிறது. "எழவே கூடாது, படுத்தே இருங்கள்" என்று மிரட்டி வைப்பது எல்லாவற்றிலும் மோசம். நல்ல ஆரோக்கியமாக இருந்த முதியவர்களையே 10 நாட்கள் படுக்கையில் வைத்துப் பார்த்த, 2007இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்கள் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்திருந்தார்கள். இன்று விழாமலிருக்கப் படுக்க வைத்தவர், காலில் வலுவில்லாமல் வீட்டுக்குப் போன மறுவாரம் விழுவார். நடக்க வைப்பதுதான் மருத்துவம். பக்கத்தில் ஓர் ஆளோடு நடக்க வைக்க வேண்டும்.

அந்த விவசாயி விழுந்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. அதன் பிறகு அந்த வார்டில் யார் விழுந்தாலும், எலும்பு முறிவோ தலையில் காயமோ இல்லையென்றால், எங்கள் யாருடைய பேனாவும் அதை எழுதவில்லை. இது தவறு என்று தெரிந்தே செய்தோம். தரச்சான்று பெற்ற மருத்துவமனைகள் நோயாளிகள் விழுவதை ஒரு தரக் குறியீடாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆனால் எழுதினால் தண்டனை என்ற பயம் இருக்கும் வரை, பதிவேட்டில் உள்ள எண்ணிக்கை உண்மையைச் சொல்லாது. ஒருவர் விழுந்தால் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவர், நர்ஸ், ஆயா, உடனிருந்தவர் ஆகிய நால்வரும் அந்தக் கட்டிலருகிலேயே நின்று, அவர் எதற்காக எழுந்தார், என்ன மருந்து உள்ளே போயிருந்தது, தரை எப்படி இருந்தது என்று பேசி எழுதி வைக்கும் வழக்கம் வர வேண்டும். யாருடைய தவறு என்ற கேள்வியை அந்த ஒரு மணி நேரத்தில் எழுப்பக் கூடாது.

விழக்கூடியவர் யார் என்பதை முன்கூட்டியே கணிக்க மதிப்பெண் தாள்கள் உண்டு. பரவலாகப் பயன்படும் மோர்ஸ் அளவுகோலில் ஆறு கேள்விகள் இருக்கின்றன: முன்பு விழுந்திருக்கிறாரா, ஒன்றுக்கு மேற்பட்ட நோய் உண்டா, எதைப் பிடித்து நடக்கிறார், கையில் டிரிப்ஸ் ஊசி உள்ளதா, நடை எப்படி, தன் உடல் வலுவைத் தானே சரியாக அறிந்திருக்கிறாரா. என் தாயார் விழுந்த பிறகு அவருக்கு நானே கணக்கிட்டுப் பார்த்தேன். இரண்டாவது நோய்க்கு 15, டிரிப்ஸ் ஊசிக்கு 20, தளர்ந்த நடைக்கு 10, ஆக 45. பல மருத்துவமனைகளில் 45இலிருந்தே அதிக அபாயம் என்று கொள்கிறார்கள். அவர் சேர்ந்த அன்றே அந்தத் தாள் நிரப்பப்பட்டு, விழும் அபாயம் உள்ளவர் என்று காட்டும் மஞ்சள் பட்டையும் கையில் கட்டப்பட்டிருந்தது. அந்தப் பட்டையோடுதான் விழுந்தார். பட்டை கட்டுவதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் தவறு. நோயாளி எழுந்தால் ஒலிக்கும் மெத்தை அலாரம்கூட விழுவதைக் குறைக்கவில்லை என்று 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. அது ஒலித்து ஆள் வந்து சேர்வதற்குள் நோயாளி தரையில் கிடப்பார். ஆனால் பாஸ்டன், நியூயார்க் நகரங்களிலுள்ள மூன்று மருத்துவமனைகளின் 14 வார்டுகளில், ஒவ்வொரு நோயாளிக்கும் எதனால் விழும் அபாயம் உள்ளது, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அவரோடும் அவர் குடும்பத்தோடும் உட்கார்ந்து பேசி, கட்டில் தலைமாட்டிலேயே படமாக எழுதி ஒட்டி வைத்தபோது, விழுவது 15 விழுக்காடும், விழுந்து காயப்படுவது 34 விழுக்காடும் குறைந்ததாக 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதற்கு ஒரு தாளும் பத்து நிமிடப் பேச்சும்தான் செலவு. தமிழில் எழுதிய அப்படி ஒரு தாளை நம் வார்டுகளில் நான் இதுவரை பார்த்ததில்லை.

இனி ஆளைப் பற்றிச் சொல்கிறேன். கற்பிக்கும் மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்றவற்றில் ஐந்து நோயாளிகளுக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. இரவுப் பணியில் இருந்த எவருக்கும் அந்த அளவு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது தெரியும். செவிலியர் பணியிடங்கள் நிரம்பும் வரை காத்திருக்க வேண்டாம். முதியவர்கள் உள்ள ஒவ்வொரு வார்டுக்கும் இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை ஒரே ஒரு பல்நோக்குப் பணியாளரை, இந்த ஒரு வேலைக்கென்றே நியமித்து, ஒரு வாரம் பயிற்சி கொடுத்தால் போதும். அவர் பத்து மணிக்கும், ஒரு மணிக்கும், நான்கு மணிக்கு முன்னதாகவும், நீர் மாத்திரை எடுப்பவர்களாயின் இன்னும் அடிக்கடியும், முதியவர் ஒவ்வொருவரிடமும் போக வேண்டும். போய், "பாத்ரூம் போறீங்களா?" என்று கேட்கக் கூடாது, கேட்டால் "வேண்டாங் கண்ணு" என்ற பதில்தான் வரும். "வாங்க ஆத்தா, ஒருக்கா போயிட்டு வந்து படுத்துக்கலாம்" என்று கையை நீட்டினால் ஏறத்தாழ எல்லோரும் எழுந்து வருவார்கள். இதை என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன். எழுந்தவரை விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார வைத்து, பாதம் தரையில் பதிந்த பிறகு நிற்க வைத்து, தலை சுற்றவில்லை என்று சொன்ன பிறகு நடக்க வைக்க வேண்டும். உள்ளே போனவர் வெளியே வரும் வரை கதவைத் தாழிடாமல் வாசலிலேயே நிற்க வேண்டும். நடக்க முடியாத ஆண்களுக்கு யூரின் கேன் கைக்கு எட்டும் இடத்திலும், பெண்களுக்குக் கட்டிலருகே வைக்கும் கழிப்பு நாற்காலி வார்டுக்கு ஒன்றிரண்டும் இருக்க வேண்டும். தீர்ந்த டிரிப்ஸை உடனே கழற்றுமாறு நர்ஸிடம் நினைவுபடுத்துவதும் இந்தப் பணியாளரின் வேலையே. ஓர் இடுப்பு எலும்பு முறிவுக்கு ஆகும் அறுவைச் செலவோடு ஒப்பிட்டால் இந்த ஒருவரின் மாதச் சம்பளம் பெரிய தொகை ஆகாது.

"உடன் ஆள் இருக்கிறார்களே, அவர்கள் பார்த்துக்கொள்ளக் கூடாதா?" என்று நிர்வாகத்தினர் கேட்கிறார்கள். உடனிருப்பவர் பகலெல்லாம் பனியன் கம்பெனியிலோ தறியிலோ வேலை செய்துவிட்டு வந்த மருமகளாக இருக்கலாம்; அவரும் எழுபதைத் தாண்டிய கணவராக இருக்கலாம். பெண்கள் வார்டில் இரவில் மகனை அனுமதிப்பதில்லை. அது நியாயமே, ஆனால் மகன் மட்டுமே உள்ள தாய்க்கு அப்போது யார் துணை? செவிலியர் பயிற்சி பெற்ற நானே தூங்கிவிட்ட பிறகு, பயிற்சியில்லாத ஒருவர் தூங்குவதைக் குற்றமாகச் சொல்ல என்னால் முடியாது. உடனிருப்போருக்கு நான் சொல்லக்கூடியவை சிலதான்: பாயைக் கட்டிலுக்கும் கழிவறை வழிக்கும் இடையில் விரிக்காதீர்கள், மூக்குக் கண்ணாடியை வீட்டுக்கு அனுப்பாதீர்கள், இரவில் சேலைக்குப் பதிலாகக் கணுக்காலுக்கு மேல் நிற்கும் நைட்டியை உடுத்தச் சொல்லுங்கள், ஊசி குத்தியிருக்கும் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒருவேளை விழுந்துவிட்டால் பதறி உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தால் இடுப்பு முறிந்திருக்கலாம். நர்ஸ் வரும் வரை அப்படியே தலைக்குத் துணியை மடித்து வைத்திருங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் தலையில் அடிபட்டிருந்தால், அப்போது நன்றாகப் பேசினாலும் மருத்துவரிடம் சொல்லாமல் விடாதீர்கள். மூளையைச் சுற்றிய கசிவு சில நாட்கள், சில வாரங்கள் கழித்துக்கூடத் தெரியவரலாம்.

இடுப்பு முறிந்த முதியவருக்கு இரண்டு நாட்களுக்குள் அறுவை செய்துவிடுவது நல்லது. என் தாயாருக்கு நெஞ்சுச் சளி குறைய வேண்டியிருந்ததால் ஆறாம் நாள்தான் செய்ய முடிந்தது. இடுப்பு முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பதைப் பாடத்தில் படித்திருந்த எனக்கு, அந்த ஓராண்டு எப்படிக் கழிந்தது என்பதை இங்கே விவரிக்க விருப்பமில்லை. அவர் இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டுத்தரை வரைக்கும் போய் மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறார். தனியாகக் குளியலறைக்குள் போக இன்னும் பயப்படுகிறார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுத்த பயிற்சிகளால்தான் இந்த அளவுக்கேனும் நடக்கிறார் என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன். மருத்துவமனையில் விழுந்தவர்களின், விழும் நிலையில் இருந்தவர்களின் பட்டியலை, வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே அந்தத் திட்டத்தினரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு இருந்தால், நான் அலைந்து ஏற்பாடு செய்தது எல்லோருக்கும் தானாகவே கிடைக்கும்.

என் தாயார் விழுந்த மருத்துவமனைக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். அவர்கள் அதை மதித்துப் படித்தார்கள். கழிவறைத் தாழ்ப்பாள்களை மாற்றிவிட்டார்கள். தரை துடைப்பதைக் காலை ஏழு மணிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். நீர் மாத்திரையின் இரண்டாம் வேளையை மாலைக்கு மாற்றியிருப்பதாகவும் அங்கே பணிபுரியும் செவிலியர் ஒருவர் சொன்னார். இரவில் கட்டில் கட்டிலாகப் போய் முதியவர்களை அழைத்துச் செல்லும் பணி மட்டும் தொடங்கப்படவில்லை. அதற்கு ஆள் ஒதுக்கீடு இல்லை என்கிறார்கள். கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல், சேலம் மாவட்டங்களின் மருத்துவ நிர்வாகத்தினரும், தனியார் மருத்துவமனைகளை நடத்துவோரும், வார்டுக்கு ஒருவர் என்ற அந்த இரவுப் பணியிடத்தை வரும் நிதியாண்டிலேனும் ஒதுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.